வீட்டுச் சாப்பாடு மாதிரியே

அன்று கடையில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

என் தங்கை கல்லாவில். கடை அவளுடையது. மின்விசிறியின் சுவிட்ச் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால், யாருக்கு எவ்வளவு காற்று என்பதும் அவள் முடிவு. அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, வாசலை ஒட்டிய மேஜையில், நாற்காலியின் நுனியில். பேச்சு சூடானால் எழுந்து வெளியே போய் அறிவிப்புப் பலகையைத் துடைப்பது அவர் வழக்கம். அதற்கு அந்த இடம்தான் தோது. சமையல் மாஸ்டர் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றார். சாப்பிடும் கூடத்தில் அவர் உட்காருவதே இல்லை. உட்கார்ந்தால் வாடிக்கையாளர்கள் பக்கத்தில் வந்து குறை சொல்வார்கள் என்பது அவர் அனுபவம். மாப்பிள்ளையின் அம்மா, நாங்கள் எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிறவர், எண்ணெய் டின்னின் மேல். நாற்காலிகள் எத்தனையோ காலியாகக் கிடந்தன. ஆனால் எண்ணெய் விலை ஏறிய நாளிலிருந்து அத்தையின் ஆசனம் அந்த டின்தான். மாஸ்டருக்கு எண்ணெய் வேண்டுமென்றால் அத்தை எழுந்திருக்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி. இந்த ஏற்பாட்டினால் எண்ணெய்ச் செலவு வெகுவாகக் குறைந்திருந்தது.

நான் சுவரோர மேஜையில், வெள்ளைத்தாள், பேனா, உறை சகிதம். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்த சிற்றூர்ப் பள்ளியில் வேறு எதைச் சொல்லிக்கொடுத்தார்களோ இல்லையோ, கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். இடது மூலையில் அனுப்புநர், கீழே பெறுநர், நடுவில் பொருள், வலது கடைசியில் கையெழுத்து. இந்த வரிசை தப்பினால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

கடிதம் போக வேண்டியது நாலு தெரு தள்ளியிருக்கும் தையல் கம்பெனியின் மேனேஜர் அம்மாவுக்கு. அந்தக் கம்பெனித் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு போவது தங்கையின் கடையிலிருந்துதான். விலை போன வருடம் பேசியது. அதை மாற்ற வேண்டுமென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன்பு எழுத்தில் கேட்க வேண்டும். கேட்பதற்கு அன்று மாலைதான் கடைசி. அன்று கேட்காவிட்டால் இன்னொரு வருடம் அதே விலை.

நிலவரம் இவ்வளவுதான்: அந்த ஆர்டர் போனால் கடையை மூட வேண்டும். பழைய விலையிலேயே ஆர்டர் தொடர்ந்தாலும் கடையை மூட வேண்டும். இரண்டில் எது மெதுவாக மூடும் என்று மாப்பிள்ளை யோசித்துக்கொண்டிருந்தார். தங்கை மூடவே கூடாது என்று இருந்தாள். வீட்டுச் சமையலறையில் ஒற்றை அடுப்பில் ஆரம்பித்து, அக்கம்பக்கத்துக்கு டிபன்பாக்ஸ் கட்டி, எட்டு மேஜை போட்ட கடை வரைக்கும் வந்தவள் அவள்.

“ஆரம்பிங்க அண்ணே,” என்றாள்.

“மச்சான், முதல் வரி நான் சொல்றேன்,” என்றார் மாப்பிள்ளை. “‘மாண்புமிகு, கருணையே வடிவான, ஏழைகளின் பசிதீர்க்கும்...’”

“மாப்பிள்ளை, அவங்க தையல் கம்பெனி மேனேஜர். மந்திரி இல்ல.”

“பணிவா இருக்கட்டுமேன்னு பார்த்தேன்.”

“பணிவு வேற, கால்ல விழுறது வேற,” என்றாள் தங்கை.

மாஸ்டர் கதவிலிருந்தே குரல் கொடுத்தார். “சார், நான் சொல்றேன் எழுதுங்க. ‘விலை ஏத்தலைன்னா திங்கக்கிழமை பானை வராது.’ அவ்வளவுதான். கீழ கையெழுத்து.”

மாப்பிள்ளை எழுந்து பலகை துடைக்கப் போனார்.

“வெங்காயத்தைப் பத்தி எழுதுப்பா,” என்றார் அத்தை, டின்னின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து. “இப்பல்லாம் கடையில விலை கேக்கும்போதே அழுகை வந்துடுது, வீட்டுக்கு வந்து உரிக்கும்போது அழ கண்ணுல ஒண்ணும் மிச்சம் இல்லன்னு எழுது. அந்தம்மாவும் பொம்பளைதானே, புரிஞ்சுக்கும்.”

எல்லோருக்கும் தலையசைத்துவிட்டு நான் என் போக்கில் எழுதினேன். ஒரு பத்தி முடிந்ததும் உரக்கப் படித்தேன். மதிப்பிற்குரிய அம்மையீர், கடந்த ஓராண்டாகத் தங்கள் நிறுவனத்துக்கு மதிய உணவு அளித்து வருகிறோம். இதற்கிடையே எண்ணெய், எரிவாயு, வெங்காயம், தக்காளி ஆகியவற்றின் விலை ஏறியிருப்பது தாங்கள் அறிந்ததே. எனினும், உணவின் தரத்தையும் அளவையும் சிறிதும் குறைக்காமல்...

அங்கே நிறுத்தினேன். யாராவது தலையாட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மின்விசிறி மட்டும் தலையாட்டியது.

“அந்த வரி வேணுமா சார்?” என்றார் மாஸ்டர்.

அதே நேரத்தில் வாசலிலிருந்து மாப்பிள்ளை, “மச்சான், அந்த வரி கொஞ்சம் நீளமா இருக்கு,” என்றார்.

“நல்ல வரிதான்,” என்றாள் தங்கை, என்னைப் பார்க்காமல். “ஆனா அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போங்கண்ணே.”

நான் பேனாவை மூடி வைத்தேன். “கீழ கையெழுத்து போடப்போறது நீம்மா. வரி பொய்யா இருந்தா அது உன் பொய். யார் என்ன பண்ணீங்க, இப்பவே சொல்லிடுங்க. நான் பாதி எழுதின கடிதத்தைக் கிழிக்கிறவன் இல்ல, ஆனா இன்னைக்குக் கிழிப்பேன் போலிருக்கு.”

மாஸ்டர் இருமினார்.

“அம்மா எழுந்திருக்க கஷ்டப்படறாங்களேன்னு எண்ணெய பாதியாக்கிட்டேன். வெங்காயத்தையும் பாதி. வதக்கறதுக்குப் பதிலா தண்ணி தெளிச்சு மூடி வெச்சிடறது.”

“பாதியா?” என்று துள்ளினார் மாப்பிள்ளை. “தக்காளியில பாதிய நான் குறைச்சுட்டேனே! கலருக்கும் கெட்டிக்கும் மஞ்சள் பூசணி வாங்கிப் போட்டேன். மத்ததெல்லாம் சரியா இருக்கு, இது தெரியாதுன்னு நினைச்சேன்.”

“அதான் குழம்பு கூழ் மாதிரி இருந்துதா!” என்றார் அத்தை. “நான் பாட்டுக்கு, என்னடா இவ்வளவு கெட்டியா வீணாக்கறாங்களேன்னு, போகும்போதும் வரும்போதும் ஒரு செம்பு வெந்நீர் ஊத்திட்டிருந்தேன்.”

“வெந்நீர் நீங்களாம்மா ஊத்தினீங்க?” மாஸ்டர் கதவை விட்டு நிமிர்ந்தே விட்டார். “ஏன் இப்படி நீர்க்குது நீர்க்குதுன்னு தினமும் சோள மாவு கரைச்சுக் கொட்டினேனே! என் கைக்கே என்னமோ ஆயிடுச்சுன்னு ராத்திரி தூக்கம் போச்சு!”

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் கல்லா மேஜையின் இழுப்பறையைத் திறந்து, ஒரு கரண்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பழைய கரண்டி. வாய் அகலமானது.

“சின்னது ஒண்ணு வாங்கி மாத்திட்டேன்,” என்றாள். “நீங்க யாரும் எதையும் குறைக்க மாட்டீங்களேன்னு நான் ஒருத்தி குறைச்சேன்.”

இந்தக் குடும்பத்தின் ஒற்றுமையைப் பற்றி நான் பல கல்யாணங்களில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அது இவ்வளவு ஆழமாகப் போகும் என்று நினைக்கவில்லை. ஆளுக்கொரு பாதியைக் குறைத்திருக்கிறார்கள். அடுத்தவர் மனம் நோகக் கூடாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லாமலும் இருந்திருக்கிறார்கள்.

“சரி, விடுங்க,” என்றார் மாப்பிள்ளை. “யாரும் குறை சொல்லலையே! முந்தாநேத்து விசில் என்ன சொல்லுச்சு? ‘அண்ணா, இப்பல்லாம் உங்க சாப்பாடு அப்படியே வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு’ன்னுச்சு. அன்னைக்கே பலகையில பெயிண்ட்ல எழுதிட்டேன்.”

விசில் என்பது கம்பெனியின் சூப்பர்வைசர் பெண். சாப்பாட்டு வரிசையில் முந்துகிறவர்களை ஊதி நிறுத்துவதற்காகக் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். தினமும் மதியம் காலிப் பாத்திரங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்குவதும் அவள்தான். பேச்சு இங்கே இருக்கும்போதே வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. அவள் பலகையின் முன் நின்று, ‘வீட்டுச் சாப்பாடு மாதிரியே!’ என்பதை வாய்விட்டுப் படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பார்த்தீங்களா, எவ்வளவு சந்தோஷம்!” என்றார் மாப்பிள்ளை.

விசில் குழம்புப் பாத்திரத்தைத் தூக்கிவந்து தரையில் வைத்தாள். காலிப் பாத்திரத்தை வைத்தால் கணீரென்று கேட்கும். இது தொப்பென்றது. தங்கை கல்லாவை விட்டு எழுந்து வந்து மூடியைத் திறந்தாள். பாதிப் பாத்திரம் குழம்பு அப்படியே இருந்தது.

“என்னம்மா இது?”

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் அன்னைக்கு அண்ணன்கிட்ட சொன்னது பாராட்டு இல்ல.”

“வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்குன்னியேம்மா!” என்றார் மாப்பிள்ளை.

“ஆமாண்ணா. எங்க வீட்டுல இப்ப என்ன சமைக்கிறோம்னு தெரியுமா? தக்காளிய எடுத்துக் குழம்புக்குக் காமிச்சிட்டுத் திரும்ப ஃபிரிட்ஜுல வெச்சிடறேன். முட்டை ஊத்தினா, தோசைக்கல் தெரியற மாதிரி மெல்லிசா ஊத்தி நாலு பேருக்கு வெட்டறேன். என் புருஷன் அதைத் தூக்கிப் பிடிச்சு அந்தப் பக்கம் டிவி தெரியுதுன்னு சொல்றாரு. எங்க தையல் லைன்ல அத்தனை பேர் வீட்டுலயும் இதே கதைதான். ஒருத்தி வடை சுட்ட எண்ணெய்க்குப் பேரே வெச்சிருக்கா, அவ்வளவு நாளா கூட இருக்கு.”

அத்தை அந்தக் கடைசித் தகவலை மட்டும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்.

“மத்தியானம் ஒரு வேளையாவது வாய்க்கு ருசியா சாப்பிடலாம்னு உங்க வண்டிக்காகத்தான் காத்துக்கிட்டிருப்போம்,” என்றாள் விசில். “அதுவும் வீடு மாதிரியே இருந்தா எப்படி? வீட்டுலேர்ந்தே கட்டிட்டு வந்துடலாம், கம்பெனிகிட்ட சாப்பாட்டுக் காசக் கையில கேக்கலாம்னு பேசிக்கிறாங்க. மேனேஜர் அம்மா காதுக்கும் போயிடுச்சு. திங்கக்கிழமை உங்களைக் கூப்பிடப் போறாங்க. அதான் முன்னாடியே சொல்லிடலாம்னு வந்தேன்.”

மாப்பிள்ளை பலகை துடைக்கக்கூடப் போகவில்லை.

தங்கை ஒரு விரலைக் குழம்பில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்தாள்.

“மாஸ்டர், அடுப்பைப் பத்த வைங்க. சின்னப் பாத்திரம் போதும். பழைய மாதிரி ஒரு குழம்பு.”

“எவ்வளவு பழைய மாதிரிக்கா?”

“கடை திறந்த அன்னைக்கு வெச்சீங்களே, அது.”

மாஸ்டர் எண்ணெய் டின்னின் முன்னால் வந்து நின்றார். அத்தை அவரைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

“முழங்காலு...” என்று ஆரம்பித்தார்.

“அத்தை,” என்றாள் தங்கை. அத்தை எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் நன்றாகவே மடங்கியது.

சமையலறைக்குள் எல்லோரும் போனோம். மாஸ்டர் எண்ணெயைச் சாய்த்தார். பாதியில் அவர் கை தானாக நின்றது. “பழகிப்போச்சுக்கா,” என்றார் வெட்கத்தோடு. தங்கை அவர் மணிக்கட்டைப் பிடித்து மீதியையும் சாய்க்க வைத்தாள். வெங்காயம் விழுந்ததும் சட்டி சடசடவென்று பேச ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை அந்தச் சமையலறை கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். மாப்பிள்ளை ஒவ்வொரு தக்காளியும் வெட்டுப்படும்போது கண்ணை மூடித் திறந்தார். வாசனை வாசல் வரை போயிற்று. தெருவில் போன ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, “கடைக்கு ஓனர் மாறியாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

குழம்பு கொதிக்கிற நேரத்தில் அத்தை ஒரு செம்பு வெந்நீரோடு அடுப்புப் பக்கம் வந்துவிட்டார். நாங்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். அவர் ஒரு கணம் நின்று, யோசித்து, வெந்நீரைத் தானே மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

விசிலுக்குத் தட்டு வைத்தோம். சோறு, பெரிய கரண்டியில் குழம்பு. அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். ஐந்து பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். இரண்டாம் வாய்க்குப் பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. தட்டை நீட்டினாள். மறுசோறு போட்டோம். அதுவும் போனது.

“எப்படிம்மா?” என்றார் மாப்பிள்ளை பொறுக்க முடியாமல்.

“எங்க வீட்டுச் சாப்பாடு மாதிரி கொஞ்சம்கூட இல்லண்ணா,” என்றாள்.

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று சொன்னார்.

தங்கை மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “இதே குழம்ப தினமும் வெச்சா, ஒரு சாப்பாட்டுக்கு என்ன விலை கேக்கணும்?”

மாப்பிள்ளை மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு அவள் காதருகே போய், சொந்தக்காரருக்கு வந்திருக்கும் வியாதியைச் சொல்வது போல, ஒரு தொகையைச் சொன்னார். பக்கத்தில் நின்ற விசிலுக்கும் கேட்டுவிட்டது.

“தர மாட்டாங்க,” என்றாள் விசில் உடனே.

“அதான் நானும் சொல்றேன்,” என்றார் மாப்பிள்ளை. “வேணாம். பூசணிய மட்டும் நிறுத்திடறேன். கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிக்கலாம். லெட்டரே வேணாம். ஆர்டர் போயிடுச்சுன்னா என்ன பண்றது?”

“போனாப் போகட்டுங்க,” என்றாள் தங்கை. “இந்தப் பாத்திரத்துல திரும்பி வந்திருக்கே, அதை நான் வெச்சேன்னு வெளிய சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. வெக்கப்படறதுக்கா கடை வெச்சேன்? அதை வீட்டுலயே உக்காந்து பண்ணியிருப்பேனே, வாடகை மிச்சம்.”

மாப்பிள்ளை தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அத்தைதான், ஆச்சரியமாக, “அவ சொல்றது சரிடா,” என்றார் மகனிடம்.

விசில் விரலை நக்கிக்கொண்டே யோசித்தாள். “அக்கா, ஒண்ணு கேக்கறேன். எதுக்கு ரெண்டு பொரியல் அனுப்பறீங்க?”

“ஒப்பந்தத்துல இருக்கே.”

“யாரு சாப்பிடறா? ரெண்டும் ஒரே மாதிரி வெளிறிப்போய் கிடக்கு. ஒண்ண நிறுத்துங்க. அப்பளத்த நிறுத்துங்க, அது எங்களுக்கு வரும்போதே நமத்துப் போயிடுது. குழம்பு இப்படி இருந்தா வேற ஒண்ணுமே வேணாம், சோறு தன்னால உள்ள போயிடும்.”

மாஸ்டர் முகம் மலர்ந்தது. “ஒரு பொரியல் குறைஞ்சா ஒரு அடுப்பு குறையும். காஸ் மிச்சம்.”

மாப்பிள்ளை மறுபடி மனதுக்குள் கூட்டினார். இந்த முறை காதருகே போகாமல் உரக்கவே சொன்னார். பழைய விலையைவிட அதிகம்தான். ஆனால் முதலில் சொன்ன வியாதி இல்லை. ஜலதோஷம் அளவுக்கு இறங்கியிருந்தது.

“இது கேக்கலாம்,” என்றாள் விசில். “தருவாங்களான்னு தெரியாது. கேக்கலாம்.”

நான் புதுத் தாள் எடுத்தேன். பழைய தாளைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். விலையேற்றம் தாங்காமல் கடந்த சில மாதங்களாக எங்கள் உணவில் எண்ணெயையும் வெங்காயத்தையும் தக்காளியையும் அளவையும் குறைத்தோம். ஒருவருக்கொருவர் சொல்லாமல் குறைத்ததால், நினைத்ததைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது. இதற்கு வருந்துகிறோம்.

“பேர் போட்டுடாதீங்க சார்,” என்றார் மாஸ்டர்.

“தண்ணி ஊத்தினதையும் எழுதாதே,” என்றார் அத்தை. “தண்ணிக்கு ஒண்ணும் விலை ஏறலையே.”

திங்கட்கிழமை முதல் ஒரு பொரியலும் அப்பளமும் இராது. குழம்பு பழையபடி இருக்கும். ஒரு சாப்பாட்டின் விலை இவ்வளவு. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன். சம்மதமானால் தொடர்கிறோம். இல்லையென்றால் இந்த மாதம் முடியும்வரை குறையில்லாமல் அனுப்பிவிட்டு விடைபெறுகிறோம். கடைசி வாக்கியத்தை எழுதும்போது மாப்பிள்ளையின் நாற்காலி கிறீச்சிட்டது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. “‘விடைபெறுகிறோம்’னு வேணாம் மச்சான், ‘விடைபெற நேரிடும்’னு போடுங்க,” என்று மட்டும் சொன்னார். அது நல்ல திருத்தம். போட்டேன்.

தங்கை படித்துப் பார்த்து, வலது மூலையில் கையெழுத்துப் போட்டாள். அழுத்திப் போட்டதில் தாளின் மறுபக்கத்தில் எழுத்து தடவிப் பார்க்கும்படி எழும்பியது.

மேனேஜர் அம்மா மாலை வரை அலுவலகத்தில் இருப்பார் என்றாள் விசில். தானே கொண்டுபோய்க் கையில் கொடுப்பதாகவும் சொன்னாள். மாஸ்டர் யாரும் சொல்லாமலே ஒரு சின்னத் தூக்கில் அந்தக் குழம்பை ஊற்றி மூடி, “லெட்டரப் படிக்கிறதுக்கு முன்னாடி இதக் குடுத்துடும்மா,” என்றார்.

உறையை ஒட்டப் பார்த்தால் பசை புட்டியில் காய்ந்து கல்லாகக் கிடந்தது. தங்கை சமையலறைக்குப் போய் ஒரு பிடி சோற்றோடு வந்தாள்.

“ஒரு பருக்கை போதும்டி,” என்றார் அத்தை.

அவள் காதில் வாங்கவில்லை. நாலைந்து பருக்கைகளை உறையின் மடிப்பில் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து ஒட்டினாள். பிரிகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு விசிலிடம் கொடுத்தாள். விசில் உறையைப் பைக்குள் வைத்து, தூக்கைச் சாயாமல் இரண்டு கால்களுக்கும் நடுவில் நிறுத்தி, வண்டியைக் கிளப்பினாள்.